மாடியில் வைஃபை எட்டலையா? பிளானை மாத்தும் முன் இதைப் பாருங்க

கீழே ஹாலில் பறக்கிற இணையம், முதல் மாடியில் தவழ்கிறது. இரண்டாம் மாடியில் வெறும் சக்கரம்தான் சுற்றுகிறது. மகளின் ஆன்லைன் வகுப்பு பாதியில் நிற்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் மீட்டிங் நடுவே படியிறங்கி ஓடுகிறார். புகார் சொன்னால், 'அடுத்த பிளானுக்கு மாறிக்கோங்க சார்' என்று பதில் வருகிறது. பல வீடுகளில் மாசாமாசம் கூடுதல் பணம் போவது இப்படித்தான். அதில் பெரும்பகுதி வீண்.

பிளான் என்பது ரவுட்டர் வரை வந்து சேரும் வேகம். அங்கிருந்து போனுக்குப் போவது ரேடியோ அலை. அந்தப் பாதையில் இருப்பது உங்கள் வீட்டுச் சுவரும் தளமும். சந்தேகம் இருந்தால் ரவுட்டர் பக்கத்தில் நின்று ஒரு ஸ்பீடு டெஸ்ட், மாடியில் அதே போனில் இன்னொன்று எடுத்துப் பாருங்க. கீழே நன்றாகவும் மேலே மோசமாகவும் இருந்தால் பிளானில் குறையில்லை. ஒரு வீடியோ காலுக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம்.

அமெரிக்க வீடுகள் பலவும் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையுமாகக் கட்டப்பட்டவை. தமிழ்நாட்டு வீட்டின் தளமோ கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். கான்கிரீட் அலையை உறிஞ்சும். கம்பி திருப்பி அனுப்பும். அதனால் ரவுட்டர் பெட்டியில் அச்சடித்த சதுர அடிக் கணக்கை இங்கே அப்படியே நம்ப முடியாது. வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு தளம் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். ஆனால் வேகம் குறைவு, பக்கத்து வீட்டு வைஃபைகளோடு நெரிசல் வேறு.

காசு செலவில்லாத வழி, ரவுட்டரை நகர்த்துவது. பெரும்பாலும் அது இருக்கும் இடத்தை முடிவு செய்தது, 'வயர் இவ்ளோதான் சார் வரும்' என்ற ஒரு வரிதான். டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோ பக்கத்தில் இருந்தால் முதலில் அங்கிருந்து எடுங்க. மாடிப்படி அருகே உயரமாக வைப்பது நல்லது. தளத்தில் கான்கிரீட் இல்லாத ஒரே பெரிய திறப்பு அதுதான். வெளியே நீட்டிய ஆன்டெனா, டியூப் லைட் மாதிரி: பக்கவாட்டில் பரப்பும், நுனியில் குறைவு. ஒன்றை மட்டும் படுக்கை வாட்டில் திருப்பினால் மாடிக்கும் கொஞ்சம் போகும்.

அடுத்து எல்லோரும் வாங்குவது ரிப்பீட்டர். சிக்னலே வராத அறையில் அதைச் செருகிப் பயனில்லை, வராததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், படிக்கட்டுத் திருப்பத்தில் வைக்கணும். அப்போதும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பினால் வேகம் ஏறத்தாழ பாதியாகும். விலை கூடிய மெஷ் கருவிகள் பரவாயில்லை, ஆனால் அவையும் வயரில்லாமல் பேசிக்கொண்டால் அதே கான்கிரீட்டைத்தான் துளைக்க வேண்டும்.

உறுதியான தீர்வு பழைய முறைதான்: மாடிக்கு ஒரு லேன் வயர். கேட் 6 வயர் 100 மீட்டர் வரை தாங்கும். மூன்று மாடி வீட்டுக்கு அதில் பாதிகூட வேண்டாம். முழுச் செம்பு வயரா என்று கேட்டு வாங்குங்க, செம்பு பூசிய அலுமினியமும் கடையில் இருக்கிறது. மேல் முனைக்குப் புதுக் கருவி தேவையில்லை. பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றினால் போதும். கீழே உள்ள அதே பெயர், அதே பாஸ்வேர்டு வைத்தால் போன் பெரும்பாலும் தானாகவே மாறிக்கொள்ளும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். சுவர் பூசும் முன்பே ஒவ்வொரு மாடிக்கும் தனியாக ஒரு பைப் விடச் சொல்லுங்க. கரன்ட் வயர் போகும் பைப்பிலேயே லேன் வயரை இழுக்க விடாதீங்க, அது ஆபத்து. பெயின்ட் அடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது என்றால், சுவரோரமாக வயரை ஓட்டி கிளிப் அடிக்க வேண்டியதுதான். வேலை அதேபோல நடக்கும். கண்ணைத்தான் கொஞ்சம் உறுத்தும்.