வெட்கத்துக்கு வட்டி கட்டும் வீடுகள்

"டாக்டரய்யா, அவனுக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்கிற மாதிரி ஒரு பொடி இருந்தா குடுங்க."

தூத்துக்குடியில் என் வைத்தியசாலைக்கு அடிக்கடி யாராவது ஒரு தாய், இல்லாவிட்டால் ஒரு மனைவி, இப்படிக் கேட்டு வருகிறார். முன்பெல்லாம் குடிக்குத்தான் கேட்பார்கள். இப்போது கஞ்சாவுக்கும் மாத்திரைக்கும் கேட்கிறார்கள். அப்படி ஒரு பொடி என்னிடம் இல்லை. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவும் இல்லை. நோயாளிக்கே தெரியாமல் கொடுப்பது என்ன வைத்தியம்?

இளவட்டங்கள் வேறு மாதிரி மடக்குவார்கள். "சித்தர்களே கஞ்சாவை மருந்தா வச்சிருந்தாங்களே சார்?" வைத்திருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. சுத்தி செய்து, மற்ற சரக்குகளோடு சேர்த்து, வைத்தியன் அளந்து கொடுத்தது அது. சேராங்கொட்டையைக்கூட நாங்கள் மருந்தாக்குகிறோம். அதையே சுத்தி செய்யாமல் கடித்தால் வாய் வெந்துவிடும்! தெருமுனையில் பொட்டலம் வாங்கி ஊதுகிறவன் சித்தர் பெயரைச் சொல்ல வேண்டாம்.

நம் கடற்கரையில் பிடிபடுகிற சரக்கைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். 2020 நவம்பரில் தூத்துக்குடிக்கு அப்பால் கடலில் ஓர் இலங்கைப் படகிலிருந்து சுமார் 100 கிலோ ஹெராயின். 2021 ஏப்ரலில் வ.உ.சி. துறைமுகத்தில் மரத்தடி ஏற்றி வந்த கன்டெய்னரில் 300 கிலோவுக்கு மேல் கொக்கேயின். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற பழைய குறிப்பு, கொற்கையில் தண்டனைக் கைதிகளை விட்டு முத்துக் குளித்தார்கள் என்கிறது. மூச்சடக்கி முங்கியவன் ஒருவன், முத்தைப் பார்த்தவன் இன்னொருவன்! இன்றைக்கும் சிக்குகிறவன் பெரும்பாலும் படகில் போன கூலிதான்.

ஆனால் நம் தெருப் பையனுக்கு இத்தனை பெரிய சரக்கு தேவையில்லை. டேபென்டடால் என்ற வலி மாத்திரை போதும். அதைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். ஓர் ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் வருவதற்கு வேறு வழியே வேண்டாம்.

சென்ற ஆண்டு உப்பளத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா வந்தார். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன்.) வெள்ளைப்படுதல், அடிவயிற்றில் வலி. இரண்டு தடவை மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை, "ஏம்மா, வேற ஏதும் உண்டா?" என்றேன். கதவைப் பார்த்தார். "யாருட்டயும் சொல்லிராதீங்கய்யா" என்று ஆரம்பித்தார்.

மகன் மாத்திரைக்கு அடிமை. உப்பளத்தில் நாள் கூலி 500 ரூபாய், அதில் 300 அவனுக்கு. கொடுக்காவிட்டால் வீட்டுப் பாத்திரம் போகும். பத்து வட்டிக்கு 40,000 வாங்கியிருக்கிறார். மாதம் 4,000 வட்டி மட்டும். தவறியபோது வட்டிக்காரருக்குத் தெரிந்த ஒரு புரோக்கர் வந்தான். வாரம் ஒருநாள் வெளியூர் லாட்ஜ்.

விபச்சாரம் என்றதும் நாம் ஒழுக்கத்தைப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். கொஞ்சம் கணக்கையும் பார்ப்போமே! அந்தப் பணத்தில் பாதி புரோக்கருக்கு. மீதி வட்டிக்கு. கூலியில் பெரும்பங்கு மாத்திரை விற்கிறவனுக்கு. அந்த அம்மா கையில் தங்கியது நோய் ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று அவர் இரண்டு வருஷம் வாய் மூடியிருந்ததில் இத்தனை பேருக்கும் பிழைப்பு நடந்திருக்கிறது.

சுவரெல்லாம் விளம்பரம் எழுதி லாட்ஜில் ரூம் போடுகிற 'மேகநோய் ஸ்பெஷலிஸ்ட்'டுகளும் இந்த வெட்கத்தை நம்பித்தான் கடை விரிக்கிறார்கள். பால்வினை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. சித்த மருத்துவனாகவே சொல்கிறேன், எச்.ஐ.வி.யை அடியோடு போக்கும் மருந்து எங்களிடமும் இல்லை. இருக்கிறது என்கிறவரிடம் பர்ஸைத் திறக்காதீர்கள்.

1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தை எடுத்தார்கள். வேலூரில் சோதித்துப் பார்த்ததில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரிந்தது. அந்தப் பெண்களுக்கு அன்று கொடுக்க மருந்து இல்லை. 2004-லிருந்து கூட்டு மருந்தை அரசே இலவசமாகத் தருகிறது. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் சோதனைக்கும் காசில்லை, விஷயமும் வெளியே போகாது. விவரம் கேட்க 1097. போதைப் பழக்கத்துக்கு 14446. ஊசி போடுகிற பையனை வீட்டில் பூட்டி வைத்துப் பத்தியம் பார்க்காதீர்கள். நிறுத்திய முதல் சில நாள் உடம்பு முறுக்கும், வாந்தி பேதி, தூக்கம் இருக்காது. அதை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் கடக்க வேண்டும். உடம்பு தேறிய பிறகு பசிக்கும் தூக்கத்துக்கும் நாங்கள் இருக்கிறோம்.

அந்த அம்மாவை நானே கடிதம் கொடுத்து அனுப்பினேன். எச்.ஐ.வி. இல்லை. வேறு தொற்று இருந்தது, மாத்திரையில் சரியாகிவிட்டது. லாட்ஜுக்குப் போவதை நிறுத்திவிட்டார். மகன் மனநலப் பிரிவில் சேர்ந்தான், ஒருமுறை ஓடிவந்தான், மறுபடி சேர்த்திருக்கிறோம். கந்துவட்டிக்கு 2003-லேயே சட்டம் இருக்கிறது, புகார் கொடும்மா என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். "பேரு வெளிய வந்திருமேய்யா" என்கிறார். போன மாதமும் வட்டி கட்டியிருக்கிறார்.