பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்: கணினிப் பொறியியலுக்குக் குறுக்கு வழியா, சுற்று வழியா?

ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான முதல் வெள்ளிக்கிழமை, குமாரபாளையத்தில் ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில் காதில் விழும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். "பையன் 380 மார்க் எடுத்திருக்கான். பதினொண்ணு சேர்க்கிறதா, பாலிடெக்னிக்ல போடுறதா பாய்?" கேட்பவர் தறி ஓட்டுபவராகவோ, சிறு கடை வைத்திருப்பவராகவோ இருப்பார். பதில் சொல்பவர் தனக்குத் தெரிந்த ஒரு பையனின் கதையைச் சொல்வார். ஒருவர், "டிப்ளமோ முடிச்சு நேரா செகண்ட் இயர் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்துட்டான்" என்பார். இன்னொருவர், "டிப்ளமோ முடிச்சவன் ஈரோட்டுல மொபைல் கடையில நிக்கிறான்" என்பார். இரண்டும் நடப்பவைதான். எந்தப் பையனுக்கு எது நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதை யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். பாலிடெக்னிக் வழியில் போனால் ஓராண்டு மிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். மிச்சம் இல்லை. பத்துக்குப் பின் டிப்ளமோ 3 ஆண்டு, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து 3 ஆண்டு; மொத்தம் 6. பதினொன்று, பன்னிரண்டு முடித்து நான்காண்டு பி.இ. படித்தாலும் அதே 6 ஆண்டுதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து, அதன் பின் பி.இ.க்குப் போகிறவர்களுக்கோ ஓராண்டு கூடுதலாகிறது. காலத்தில் லாபம் இல்லையென்றால் இந்த வழியின் உண்மையான பலன் எது? நடுவழியில் கையில் ஒரு சான்றிதழ் இருப்பதுதான். அத்தாவுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது, தறி ஓடவில்லை, அக்கா திருமணம் என்று ஒரு நெருக்கடி மூன்றாம் ஆண்டின் முடிவில் வந்தால், டிப்ளமோ படித்தவன் வேலைக்குப் போகலாம். பி.இ. மூன்றாம் ஆண்டில் நிற்பவனிடம் எதுவும் இருக்காது. வருமானம் நிலையில்லாத குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

அமெரிக்காவில் உறவினர் உள்ள குடும்பங்கள் அங்குள்ள கம்யூனிட்டி காலேஜ் முறையைக் கேள்விப்பட்டிருப்பார்கள். இரண்டாண்டு குறைந்த செலவில் உள்ளூர்க் கல்லூரியில் படித்து, பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது. நம் நாட்டில் அதற்கு நெருக்கமானது இந்த டிப்ளமோ வழிதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கலிஃபோர்னியாவில் எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று பாடவாரியாக ஒரு பொது இணையதளத்திலேயே போட்டிருக்கிறார்கள். மாணவன் முதல் நாளிலிருந்தே அதைப் பார்த்துத் திட்டமிடலாம். இங்கே அப்படி இல்லை. டிப்ளமோ முழுவதையும் ஒரே மூட்டையாக எடுத்துக்கொண்டு பி.இ. முதலாண்டிலிருந்து விலக்குத் தருகிறார்கள். அந்த முதலாண்டில் நம் பிள்ளை எதைப் படிக்காமல் தாண்டினான் என்பதை யாரும் சொல்வதில்லை. அது மூன்றாம் செமஸ்டர் தேர்வு முடிவில்தான் தெரிய வருகிறது.

இங்கேயும் 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரில் நிறுவனங்கள் உண்டு. அவை தரும் குறுகிய காலச் சான்றிதழை வைத்து பி.இ.யில் சேர முடியாது. அதேபோல், பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கணினிப் பயிற்சி மையங்கள் தரும் 'ஓராண்டு டிப்ளமோ'வும் இதற்கு உதவாது. ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற பாலிடெக்னிக்கில், மாநிலத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வழங்கும் மூன்றாண்டு டிப்ளமோதான் கணக்கில் வரும். பெயர் ஒன்றாக இருப்பதால் ஏமாந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி இடங்களின் கணக்கு. நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக்கு ஒவ்வொரு பாடப்பிரிவிலும் அனுமதிக்கப்பட்ட இடங்களில் 10 சதவீதம் அளவுக்குக் கூடுதல் இடம் என்பது ஏ.ஐ.சி.டி.இ. வகுத்த முறை. முதலாண்டில் நிரம்பாமல் போன இடங்களும் இதில் சேரும். 60 பேர் கொண்ட வகுப்பில் 6 இடம். நல்ல பெயருள்ள கல்லூரியில் கணினிப் பிரிவு முதலாண்டிலேயே நிரம்பிவிடும். ஆகவே அங்கே அந்த 6 இடத்துக்குத்தான் மாநிலம் முழுவதிலிருந்தும் போட்டி. கணினி டிப்ளமோ படித்தவர்களோடு பிற பிரிவுகளில் டிப்ளமோ முடித்தவர்களும், பி.எஸ்சி. முடித்தவர்களும் அதே கலந்தாய்வில் நிற்கிறார்கள். நிரம்பாத இடங்கள் எந்த மாதிரிக் கல்லூரிகளில் இருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். 2024-25 முதல் கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை இடம் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. நீக்கியது. அதன் பின் கணினி சார்ந்த பிரிவுகள் பல தனியார் கல்லூரிகளில் வேகமாகப் பெருகின. எனவே 'ஏதோ ஒரு கல்லூரியில் கணினி' என்பது இன்று எளிது. சேலம் கருப்பூரில் உள்ள அரசு பொறியியல் கல்லூரியிலோ, நமக்குப் பக்கத்தில் சித்தோட்டில் உள்ள ஈரோடு அரசு பொறியியல் கல்லூரியிலோ கணினிப் பிரிவு என்பது வேறு விஷயம். அதற்கு டிப்ளமோவில் முதல் செமஸ்டரிலிருந்தே அரியர் இல்லாமல், மிக உயர்ந்த மதிப்பெண் வேண்டும். பத்தில் சுமாராக எடுத்தவன் பாலிடெக்னிக்கில் போய்த் தானாக முன்னேறிவிடுவான் என்று நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் இந்த வாசலே இல்லை.

இட ஒதுக்கீட்டில் நம் சமுதாயத்துக்கு உள்ள நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2007ஆம் ஆண்டு முதல் பிற்படுத்தப்பட்ட வகுப்பினரில் முஸ்லிம்களுக்குத் தனியாக 3.5 சதவீதம் உண்டு. சதவீதம் சின்னது என்றால் மொத்த இடம் பெரிதாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது இடமாக மாறும். 3.5 சதவீதத்தில் ஒரு முழு இடம் கிடைக்க மொத்தம் 29 இடம் வேண்டும். முதலாண்டுச் சேர்க்கையில் ஒரே கல்லூரியின் கணினிப் பிரிவில் 120 இடம் இருந்தால் நமக்கு 4 இடம். அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கான 12 கூடுதல் இடத்தில் கணக்குப்படி அரை இடம்கூட வராது. சமுதாய ஒதுக்கீட்டை நம்பி விரும்பிய கல்லூரியைப் பிடிக்க நினைப்பவர்களுக்கு முதலாண்டு வழிதான் அகலமானது. இதைச் சொல்லும் ஆட்கள் குறைவு. பாலிடெக்னிக்கின் ஆள் சேர்ப்பு ஏஜென்ட் நிச்சயமாகச் சொல்ல மாட்டார்.

எந்த வழியில் போனாலும் சாதிச் சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும். 'முஸ்லிம்' என்று மட்டும் எழுதிய சான்றிதழ் போதாது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி முஸ்லிம், அன்சார், தூதேகுலா, மாப்பிள்ளா, ஷேக், சையத் என்று அரசுப் பட்டியலில் உள்ள பிரிவுகளில் ஒன்றின் பெயரில் இருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் வேறு என்றால் கலந்தாய்வு நேரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு அலைய நேரும். பத்தாம் வகுப்பு விடுமுறையிலேயே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடுத்த விஷயம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2021இல் சட்டமாக வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் அனைத்தையும் அரசே ஏற்கிறது. 'பன்னிரண்டு வரை' என்பதைக் கவனியுங்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைப் பத்தோடு நிறுத்திப் பாலிடெக்னிக்கில் சேர்க்கும் அன்றே இந்த வாசல் மூடிவிடுகிறது. 'செலவு குறைவு' என்று நினைத்து டிப்ளமோவைத் தேர்ந்தெடுக்கும் ஏழைக் குடும்பம், முழுக்கவும் இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடிய நான்காண்டு பி.இ.யைத் தன்னை அறியாமல் கைவிடுகிறது. அரசு உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த ஒதுக்கீடு இல்லை; அவர்களுக்கு டிப்ளமோ வழியில் இந்த இழப்பும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சரியாக வந்த முடிவு நம் பையனுக்குத் தவறாகப் போவது இப்படித்தான்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது வட்டியும் வந்துவிடுகிறது. கல்விக் கடன் என்றால் வட்டி என்பதால், நம் குடும்பங்களில் பலர் வங்கிப் பக்கமே போவதில்லை. நகையை விற்கிறார்கள், அல்லது படிப்பை நிறுத்துகிறார்கள். கடனே தேவைப்படாத வழிகளை முதலில் முழுவதும் பயன்படுத்துவோம். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை அதில் ஒன்று. தனியார் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை குறையும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தால் கிடைக்காது. அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். ஏஜென்ட் சொன்னார் என்று நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டிச் சேர்ந்தால் இச்சலுகை போய்விடும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் டிப்ளமோ படிப்புக்கும் பொருந்தும். மத்திய அரசின் சிறுபான்மையினர் உதவித்தொகைகளை நம்பி மட்டும் கணக்குப் போடாதீர்கள். 2022 முதல் அவை ஒவ்வொன்றாகச் சுருங்கியதை எல்லோரும் பார்த்தோம்.

சரி, சேர்ந்தாயிற்று. பிறகு? கணிதம்தான் பிரச்சினை. கணிதத்துக்குப் பயந்து பதினொன்றைத் தவிர்த்துப் பாலிடெக்னிக் வந்தவனை, இரண்டாம் ஆண்டு பி.இ. அதே கணிதத்தோடு வரவேற்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் கணினிப் பிரிவின் முதலாண்டில் அணிகள், நுண்கணிதம், புள்ளியியல், எண்சார் முறைகள், பைத்தான், சி மொழி ஆகியவை முடிந்துவிடுகின்றன. மூன்றாம் செமஸ்டரில், அதாவது நம் பிள்ளை உள்ளே நுழையும் முதல் நாளில், தனிநிலைக் கணிதம், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஜாவா வழியிலான ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங், டேட்டா சயின்ஸ் அடிப்படை, கணினி அமைப்பு எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. ஆய்வகத்தில் டிப்ளமோ மாணவன் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரனாக இருப்பான். கேபிள் இழுப்பது முதல் சர்வர் போடுவது வரை கை பழகியிருக்கும். தேர்வுத் தாளில் ஒரு கூற்றை நிறுவு என்று கேட்டால் நின்றுவிடுவான்.

இதைத் தவிர்க்க முடியும். டிப்ளமோ இறுதித் தேர்வுக்கும் பி.இ. வகுப்புத் தொடக்கத்துக்கும் இடையில் சில மாதங்கள் கிடைக்கின்றன. பெரும்பாலும் அந்த மாதங்கள் பகுதிநேர வேலையிலும் கைப்பேசியிலும் கழிகின்றன. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இணையத்தில் இலவசம். சி மொழி ஒன்று, தனிநிலைக் கணிதம் ஒன்று என்று இரண்டை மட்டும் முழுமையாகப் பார்த்து முடித்தால் மூன்றாம் செமஸ்டர் பாதியாகக் குறையும். அதற்கும் முன்னால், பாலிடெக்னிக்கைத் தேர்ந்தெடுக்கும்போதே அங்கிருந்து சென்ற ஆண்டு எத்தனை பேர் அரசுக் கலந்தாய்வு வழியாக, எந்தக் கல்லூரிகளில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். கட்டடத்தையும் பேருந்தையும் காட்டுபவர்கள் இந்தக் கேள்விக்குத் தடுமாறுவார்கள். சேலத்தில் உள்ள தியாகராஜர் பாலிடெக்னிக் போன்ற பழைய உதவி பெறும் நிறுவனங்களில் இடம் கிடைத்தால் தினமும் பேருந்தில் போய் வரும் சிரமம் தகும் என்பது என் கருத்து. பெண் பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்பத் தயங்குபவர்களுக்குக் குமாரபாளையத்திலேயே கல்லூரிகளுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் 'பக்கத்தில் இருக்கிறது' என்பது மட்டும் காரணமாக இருந்தால் மூன்றாண்டு கழித்து அது மதிப்பெண் பட்டியலில் தெரியும்.

வேலைச் சந்தையும் பழையபடி இல்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைப்பதாக அறிவித்தது. பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பல பத்தாம் வகுப்பு, டிப்ளமோ, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன. டிப்ளமோவில் விட்ட மதிப்பெண் ஆறாண்டு கழித்தும் கூடவே வரும். மறுபுறம், பட்டம் கேட்காமல் டிப்ளமோ முடித்தவர்களையும் எடுத்து உதவித்தொகையோடு பயிற்றுவிக்கும் சோஹோ பள்ளி போன்ற வாசல்களும் இருக்கின்றன. அதற்கும் போட்டி கடுமைதான்.

380 மதிப்பெண் பையனின் அத்தாவுக்கு நான் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். அவர் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, கணிதத்தில் 81. பாலிடெக்னிக் விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டு, அதே பள்ளியில் கணிதம், கணினி அறிவியல் பாடப்பிரிவில் பதினொன்றாம் வகுப்பு சேர்க்கச் சொன்னேன். அவரோடு வந்திருந்த மச்சானின் மகள் உதவி பெறும் பள்ளி. தாய் மட்டும் சம்பாதிக்கும் வீடு. மூன்றாண்டில் ஒரு வேலை தேவைப்படலாம். அவளுக்கு டிப்ளமோதான் சரி என்று பட்டது. கணினிப் பொறியியலில், அரசு ஒற்றைச் சாளர வழியில். "அப்ப அட்மிஷனுக்கு ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் கேக்குறாங்களே, குடுத்துடலாமா?" என்றார் அவர். சரிபார்க்கக் காட்டலாம், கல்லூரி வைத்துக்கொள்ள விதிப்படி அனுமதி இல்லை, நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு அசலைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றேன்.