கோப்பை கொடுத்தால் போதாது, களத்தைத் திறந்துவிடுங்கள்

‘காவல்துறை – பொதுமக்கள் நல்லுறவு விளையாட்டுப் போட்டி’ என்ற பதாகையை நம்மில் பலரும் பார்த்திருப்போம். கால்பந்து, கைப்பந்து, கபடி, கிரிக்கெட் என்று ஊருக்கு ஊர் ஆட்டம் மாறும், காட்சி மட்டும் மாறாது. அதிகாரி பந்தை உதைத்துத் தொடங்கிவைப்பார். இரண்டு அணிகளும் கைகுலுக்கும். மாலையில் கோப்பை வழங்கப்படும், மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படம் வரும். விருத்தாசலம் பக்கம் நல்லூர் ஒன்றியத்துக் கிராமங்களில் களஆய்வு செய்துவரும் ஆய்வு மாணவன் நான். இதே மண்ணின் சேரியில் பிறந்தவனும்கூட. அந்த வகையில் இந்தக் கோப்பையைப் பற்றி எனக்குச் சில கேள்விகள் உண்டு.

விளையாட்டை ஏளனம் செய்வது என் நோக்கமல்ல. இந்தியக் கால்பந்து வரலாற்றில் காவல்துறை அணிகளின் இடம் சாதாரணமானதும் அல்ல. ஐதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1950 தூரந்த் கோப்பை இறுதிப் போட்டியில் கல்கத்தாவின் மோகன் பகானைத் தோற்கடித்தது. அந்த அணியை உருவாக்கியவர் பள்ளி ஆசிரியராக இருந்த சையது அப்துல் ரகீம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணிக்கும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணிக்கும் அவரே பயிற்சியாளர்.

இந்தக் காலக் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். 1948 செப்டம்பரில் ‘போலீஸ் நடவடிக்கை’ என்ற பெயரில் இந்திய ராணுவம் ஐதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. அதையொட்டி முஸ்லிம்கள் பெருமளவில் கொல்லப்பட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் முஸ்லிம் வீரர்கள் பலரைக் கொண்ட காவல்துறை அணி ஒன்று நாடே கைதட்டும்படி ஆடியது. அந்தக் கைதட்டல் உண்மையானது. ஆனால் 1948இன் கணக்கை அது தீர்த்துவைக்கவில்லை. மைதானத்தில் கிடைக்கும் பாராட்டும் சமூகத்தில் கிடைக்கவேண்டிய நீதியும் வேறு வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கக் கூடாது.

அடுத்த உதாரணம் நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 1990இல் திருச்சூரில் நடந்த பெடரேஷன் கோப்பையைக் கேரளக் காவல்துறை அணி வென்றது. அந்தக் கோப்பையை வென்ற முதல் கேரள அணி அதுதான். மறு ஆண்டு கண்ணூரிலும் வென்றது. வி.பி.சத்யன், ஷரபலி, பாப்பச்சன், ஐ.எம்.விஜயன் என்று இன்றும் மலையாளிகள் வரிசையாகப் பெயர் சொல்லும் அணி அது. விஜயனைத் தமிழ் ரசிகர்கள் ‘திமிரு’ படத்தின் வில்லனாகத்தான் அறிவார்கள். திருச்சூர் நகராட்சி மைதானத்தில் பாட்டில் ஒன்றுக்குப் பத்துப் பைசா கிடைக்கும் என்று சோடா விற்ற சிறுவன் அவர். காவல்துறை உயரதிகாரியின் கண்ணில் பட்டு, இளம் வயதிலேயே காவல்துறை அணிக்குள் வந்தார். பிறகு மோகன் பகான், இந்திய அணித் தலைமை, அர்ஜுனா விருது என்று போனார். கால்கள் ஓய்ந்த பிறகு அதே காவல்துறை அவருக்குச் சோறு போட்டது. 2025இல் பத்மஸ்ரீ பெற்ற அதே ஆண்டில், மலபார் சிறப்புக் காவல்படை அதிகாரியாகப் பணி ஓய்வு பெற்றார்.

இந்தக் கதையைத் திறமையின் வெற்றி என்று மட்டும் சொல்லி முடிப்பது பொதுப்புத்தி. திறமையோடு இன்னும் இரண்டு விஷயங்கள் அங்கே இருந்தன. சோடா விற்கும் பையனும் உள்ளே நுழைய முடிந்த ஒரு மைதானம் முதலாவது. ஆட்டத்தை வேலையாக மாற்றிக்கொடுத்த ஒரு துறை இரண்டாவது. இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விஜயன் நமக்குத் தெரியாத ஒரு சோடா வியாபாரியாகவே இருந்திருப்பார்.

நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 10 விழுக்காடு இடங்கள் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. 2023 அறிவிப்பில் மொத்தம் 3,359 பணியிடங்கள். அப்படியானால் விளையாட்டு வழியாக உள்ளே போகக்கூடியவர்கள் 300க்கும் மேல். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், தொடக்க ஊதியம் 18,200 ரூபாய். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அகல்விளக்குக்கும் பொம்மைக்கும் அச்சு எடுக்கும் கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு, கரும்பு வெட்டப் போகும் வீட்டுக்கு, மாதம் தவறாமல் வரும் அந்தத் தொகையின் பொருள் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. காவல்துறையின் கால்பந்து அணி என்பது பொழுதுபோக்குக் குழு அல்ல, அது ஒரு வேலைவாய்ப்பின் வாசல். அந்த வாசல் யாருக்குத் திறக்கிறது என்பதுதான் என் முதல் கேள்வி.

நன்றாக ஆடத் தெரிந்தால் மட்டும் அது திறக்காது. நாட்டுக்காகவோ மாநிலத்துக்காகவோ பல்கலைக்கழகத்துக்காகவோ ஆடியதற்கான சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. பள்ளியில் மைதானம் இருக்க வேண்டும், உடற்கல்வி ஆசிரியர் இருக்க வேண்டும், காலணி வாங்க வேண்டும். மாவட்டத் தேர்வு நடக்கும் நாளை யாராவது சொல்ல வேண்டும், போய்வரப் பேருந்துக் காசும் வேண்டும். நான் சந்தித்த ஓர் இளைஞன் இடது காலால் பந்தைக் கொண்டுபோகும் அழகைப் பார்த்தால் யாரும் நின்றுவிடுவார்கள். அவனிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. “செலக்சன் நடந்ததே முடிஞ்ச பிறகுதாண்ணா தெரிஞ்சிது” என்றான். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான்.

சரி, ஆடக் கற்றுக்கொள்ளும் இடமாவது பொதுவானதா? நம் கிராமங்கள் ஊர் என்றும் சேரி என்றும் இரண்டாகத்தான் கிடக்கின்றன. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் பெயர் போனாலும் எல்லை போய்விடவில்லை. திடல் பெரும்பாலும் ஊர்ப் பக்கம், கோயிலை ஒட்டி இருக்கிறது. சேரிப் பிள்ளைகள் அறுவடை முடிந்த வயலிலும், வற்றிய ஏரிக்குள்ளும் ஆடுகிறார்கள். மழை வந்தால் அவர்களுடைய விளையாட்டுப் பருவம் முடிந்துவிடும். “திடல்ல ஆடக்கூடாதுன்னு யாரு தடுத்தா?” என்பார்கள் ஊரில். சேரியில் கேட்டால் “நாங்க அங்க போறதில்லண்ணா” என்பார்கள். இரண்டு பதிலும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன. தடுப்பதற்கு ஆள் நிற்கத் தேவையில்லாத அளவுக்குத் தடை பழகிப்போயிருக்கிறது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் அல்லது பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட கிணறு, குளம், சாலை, மக்கள் கூடும் இடம் எதிலும் சாதியைக் காரணம் காட்டி யாரையும் விலக்கக் கூடாது என்கிறது. ஊராட்சித் திடல் இதற்குள் வராமல் வேறு எது வரும்? 2024இல் மாநிலத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. நல்ல திட்டம். அந்தப் பந்து ஊராட்சியில் யார் கையில், எந்தத் தெருவில் இருக்கிறது என்பதையும் அரசு கேட்டுப் பார்க்க வேண்டும்.

களத்துக்குள் போய்விட்டால் சாதி கரைந்துவிடும் என்பவர்களுக்கு பல்வங்கர் பாலுவை நினைவூட்டலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் தலைசிறந்த பந்துவீச்சாளர் அவர். பூனாவில் இந்து அணிக்காக விக்கெட்டுகளைச் சாய்த்தவருக்குத் தேநீர் இடைவேளையில் வெளியே மண் குவளை, உள்ளே மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை. பீங்கானுக்குப் பெயர்பெற்ற மண்ணில் வாழும் நமக்கு இதன் வலி கூடுதலாகவே புரியும். ‘லப்பர் பந்து’, ‘பைசன்’ போன்ற படங்கள் நம் காலத்தில் பேசியதும் இதே கதையின் தொடர்ச்சியைத்தான்.

இங்கே தோழர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். ‘நம்மை அடிக்கும் துறைக்கே நம் பிள்ளைகளை அனுப்பச் சொல்கிறாயா?’ நியாயமான கேள்விதான். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். அந்தச் சீருடை கொடுத்த சம்பளமும் கல்வியும் அண்ணலின் வாழ்க்கைக்கு அடித்தளம் போட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மகர்களை ராணுவத்தில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அந்தக் கதவை மறுபடி திறக்கச் சொல்லி வாதாடியவர்களில் அண்ணலும் ஒருவர். 1941இல் மகர் ரெஜிமென்ட் உருவானது. ராணுவத்தின்மீது விமர்சனம் இல்லாததால் அவர் அதைக் கேட்கவில்லை. அரசு அதிகாரம் ஒரு சில சாதிகளின் சொத்தாக இருக்கக் கூடாது என்பதற்காகக் கேட்டார். அதே காரணத்துக்காகத்தான் நாமும் கேட்கிறோம்.

ஆனால் நம் பிள்ளைகள் சிலர் காக்கி உடுத்திவிட்டதால் காவல் நிலையம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. எங்கள் விருத்தாசலம் வட்டாரமே அதற்குச் சாட்சி. 1993இல் முதனை கிராமத்தைச் சேர்ந்த குறவர் சமூகத்து ராசாக்கண்ணு கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி பார்வதி நீதிமன்றப் படியேறிப் போராடியதால்தான் காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ‘ஜெய் பீம்’ படத்துக்கு அடிப்படை இந்த வழக்கு. பத்து ஆண்டுகள் கழித்து, 2003 ஜூலையில், புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகியும் முருகேசனும் சாதி கடந்து மணந்ததற்காக நஞ்சு கொடுத்துக் கொல்லப்பட்டார்கள். தலித் இளைஞரான முருகேசன் பொறியியல் பட்டதாரி. அவருடைய குடும்பத்தின் புகாரைக் காவல்துறை முதலில் ஏற்கவில்லை. வழக்குப் பதிந்தபோதோ தலித்துகளையும் குற்றவாளிகளாகச் சேர்த்தது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போய், 2021இல் கடலூரில் தீர்ப்பாகி, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதிசெய்தது. தண்டிக்கப்பட்டவர்களில் காவல்துறையினர் இருவரும் உண்டு. ஒரு புகாரை நேர்மையாக எழுதியிருந்தால் சில ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டிய வழக்குக்கு ஏறத்தாழ 22 ஆண்டுகள் ஆயின.

இந்த மண்ணில் ‘நல்லுறவு’ என்று சொல்லும்போது இவ்வளவும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கிறது. காவலர்களும் பொதுமக்களும் ஒரு மாலை சேர்ந்து ஆடுவதில் தவறில்லை. அங்கே இருவருக்கும் ஒரே விதி, ஒரே நடுவர். மறுநாள் காலை நிலையத்துக்குப் புகாரோடு போனால் அந்த விதி இருப்பதில்லை. ‘சமாதானமா போயிடுங்க, ஒரே ஊர்ல வாழணுமில்ல’ என்ற அறிவுரைதான் கிடைக்கிறது. வயலுக்கும் கூலிக்கும் ஊரை நம்பியிருப்பவன் அந்த அறிவுரையை ஏற்றுக்கொண்டு திரும்புகிறான். இதை நல்லுறவு என்று எப்படிச் சொல்ல முடியும்?

எனவே காவல்துறையிடமும் அரசிடமும் மூன்று விஷயங்களைக் கேட்போம்.

முதலாவது, விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல் பணிக்கு எடுக்கப்பட்டவர்களின் விவரத்தை ஆட்டவாரியாகவும் இடஒதுக்கீட்டுப் பிரிவுவாரியாகவும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மாவட்ட, மாநில அணித் தேர்வு நாட்களை எல்லா அரசுப் பள்ளிகளிலும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் முன்கூட்டியே ஒட்ட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

இரண்டாவது, ஒவ்வோர் ஊராட்சியிலும் விளையாட்டுத் திடல் எங்கே இருக்கிறது, சேரிப் பிள்ளைகள் அதில் ஆடுகிறார்களா என்று வருவாய்த் துறை கணக்கெடுக்க வேண்டும். ஆடவில்லை என்றால் புறம்போக்கில் சேரிக்குத் தனித்திடல் ஒதுக்கிக் கைகழுவிவிடக் கூடாது. அது இன்னொரு காலனியாகத்தான் முடியும். இருக்கும் திடலிலேயே எல்லாரும் ஆடுவதற்கு உத்தரவாதம் வேண்டும். நல்லுறவுப் போட்டியை அந்தத் திடலில், இரு பக்கத்துப் பிள்ளைகளும் கலந்த அணிகளை வைத்துக் காவல்துறை நடத்திக் காட்டட்டும்.

மூன்றாவது, வன்கொடுமைப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தத்தின் 18ஏ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்குக் குறைந்தது ஆறு மாதச் சிறை என்கிறது அதே சட்டத்தின் நான்காம் பிரிவு. இந்த நான்காம் பிரிவு எத்தனை முறை பயன்படுத்தப்பட்டது என்ற கணக்கை மாவட்டவாரியாக மக்கள் முன் வையுங்கள்.

இவற்றைச் செய்துவிட்டு எங்களை ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள். எங்கள் பிள்ளைகள் கட்டாயம் வருவார்கள், நன்றாகவும் ஆடுவார்கள். அவர்களில் ஒருவன் நாளை உங்கள் அணியின் சட்டை அணிந்து, பி.என்.மல்லிக் நினைவு அகில இந்தியக் காவல்துறைக் கால்பந்துப் போட்டியில் தமிழ்நாட்டுக்காகக் கோல் அடித்தால் கைதட்ட நானும் வருவேன். அதுவரை, நிலையத்தில் புகாரோடு நிற்கும் எங்கள் அப்பன்மார்களுக்கு உட்கார ஒரு நாற்காலியும், புகாருக்கு ஒரு ரசீதும் கொடுங்கள்.