எண்களுக்குள்ளும் நேசம் உண்டு

17296. பார்வைக்கு இது சாதாரண எண்தான். ஆனால் இதற்கு ஒரு தோழன் இருக்கிறான். அவனைத் தெரிந்துகொள்ள முதலில் ஒரு சிறிய சோடியைப் பார்ப்போம்.

220ஐ மீதியின்றி வகுக்கும் எண்களை, 220ஐ விட்டுவிட்டு எழுதுங்கள்: 1, 2, 4, 5, 10, 11, 20, 22, 44, 55, 110. கூட்டினால் 284. இனி 284ஐ வகுப்பவை: 1, 2, 4, 71, 142. கூட்டினால் 220! ஒன்றின் கூறுகள் சேர்ந்தால் மற்றது கிடைக்கிறது. அரபுக் கணித நூல்கள் இத்தகைய எண்களை 'முதஹாப்பா', அதாவது ஒன்றையொன்று நேசிப்பவை, என்று அழைத்தன.

பண்டைய கிரேக்கர் அறிந்திருந்த சோடி இது ஒன்றே. அடுத்ததை எங்கே தேடுவது? 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் பணியாற்றிய ஸாபித் இப்னு குர்ரா கண்மூடித்தனமாகத் தேடவில்லை. ஒரு விதியை நிறுவினார்.

2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் வரிசையில் அடுத்தடுத்த இரண்டை எடுங்கள். 8உம் 16உம் என்று வைப்போம். ஒவ்வொன்றையும் 3ஆல் பெருக்கி 1ஐக் கழித்தால் 23, 47. இரண்டின் பெருக்கத்தை 9ஆல் பெருக்கி 1ஐக் கழித்தால் 1151. மூன்றும் முதன்மை எண்களாயின் சோடி கிடைத்துவிடும்:

16 × 23 × 47 = 17296
16 × 1151 = 18416

சரிதானா? 18416ஐ வகுப்பவை 1, 2, 4, 8, 16, 1151, 2302, 4604, 9208. கூட்டிப் பாருங்கள், 17296 வரும். மறுபக்கத்தை நீங்களே சரிபார்க்கலாம்.

விதி எல்லா இடத்திலும் பலிக்காது. 4உம் 8உம் எடுத்தால் 11, 23, 287 வரும். 287 என்பது 7 × 41. ஒன்று பிசகினாலும் சோடி இல்லை.

17296ஐயும் 18416ஐயும் 1300ஆம் ஆண்டை அண்டிய காலத்திலேயே பாரசீகத்தின் கமாலுத்தீன் அல்பாரிஸியும் மராக்கிஷின் இப்னுல் பன்னாவும் எழுதிவைத்துவிட்டனர். பிரான்ஸின் பெர்மா இதனை அறிவித்தது 1636இல். ஆயினும் நெடுங்காலமாக இது பெர்மாவின் சோடி என்றே வழங்கி வந்தது. பெர்மாவின் திறமை குறைந்ததல்ல. ஆனால் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் உழைத்தவர்களின் பெயரை மறப்பது நியாயமுமல்ல.

பெரியவர்கள் தவறவிட்டதைச் சிறியவர்கள் காண்பதும் உண்டு. 1866இல் 16 வயது இத்தாலியச் சிறுவன் பகனினி, 1184உம் 1210உம் நேச எண்கள் எனக் கண்டான். இவை ஸாபித்தின் விதிக்குள் அடங்காதவை. இத்தனை சிறிய சோடி மேதைகள் பலரின் கண்ணுக்கும் தப்பியிருந்தது.

இன்று கணினியின் துணையால் நூறு கோடிக்கும் அதிகமான சோடிகள் தெரியும். இவற்றுக்கு முடிவுண்டா என்பதை மட்டும் எவரும் நிறுவவில்லை.

இன்றிரவு பிள்ளைகளிடம் தாளும் பென்சிலும் கொடுத்து 1184இன் காரணிகளைக் கூட்டச் சொல்லுங்கள். 1210 வருகிறதா பார்ப்போம்.