கோடிக்கரை மட்டக்குதிரைகள்

சென்ற தை அமாவாசையன்று கோடியக்கரையில் கடல் நீராடுவதற்காகச் செங்கற்பட்டிலிருந்து குடும்பத்துடன் சென்றிருந்தோம். ஆதி சேது எனப் போற்றப்படும் அத்துறையில் பிதுர்க்கடன் முடித்து, கோடிக்குழகரைத் தொழுதோம். ஆளரவமற்ற கடற்கரையில் இவ்வாறு தனித்து எழுந்தருளியிருக்கிறாரே என்று சுந்தரமூர்த்தி நாயனார் உள்ளம் உருகிப் பாடிய பெருமான் அவர்.

பின்னர் இராமர் பாதம் நோக்கிப் புறப்பட்டோம். அவ்விடம், வெளிமான்களைக் காக்கும் பொருட்டு 1967-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற வனவிலங்குப் புகலிடத்தினுள் உள்ளது. சாலையோரப் புல்வெளியில் ஐந்தாறு மட்டக்குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. கடிவாளமோ லாடமோ அறியாதவை. முன்னொரு காலத்தில் மனிதரிடம் வளர்ந்து, பின்பு காட்டில் தாமே பெருகிய குதிரைகளின் வழிவந்தவை என்பர்.

மாமல்லபுரம் கடற்கரையில் குதிரைச் சவாரி செய்து பழகிய என் பேரன், இவையும் அவ்வாறே என்றெண்ணி ஓடினான். நான் தடுக்கவில்லை. அர்ச்சனைப் பையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். பெட்டைக்குதிரை ஒன்று அதனை வாங்கி உண்டது. அதன் குட்டியைத் தொடுவதற்காகப் பேரன் பின்புறமாகச் சென்றான். தாய் காதுகளைப் பின்னுக்கு மடித்து, பின்னங்காலை வீசியது. குளம்பு அவன் தோளுக்கு ஒரு சாண் தொலைவில் கடந்து சென்றது. குதிரையின்மீது குற்றமில்லை, குற்றம் என்னுடையதே.

அங்கு வந்த வனக்காவலர் கடிந்துகொள்ளவில்லை. "ஐயா, தாங்கள் கொடுத்தது ஒரு பழம்தான். அமாவாசைக்கு வருவோர் ஒவ்வொருவரும் ஒரு பழம் கொடுத்தால், இவை மேய்ச்சலை மறந்து வண்டிகளை எதிர்பார்த்துச் சாலையில் நிற்குமே!" என்றார். வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்குப் பார்த்த எனக்கு இக்கணக்குத் தோன்றாமற் போயிற்று.

அவர் கூறிய மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. அப்புல்வெளியையே வெளிமான்களும் நம்பியிருக்கின்றன. சீமைக்கருவேலங் காய்களைத் தின்னும் குதிரைகளின் சாணத்தால் அம்மரமும் பரவுகிறது. நாம் ஊட்டிக் குதிரைகளைப் பெருக்கினால் மான்களின் பங்கு குறையும்.

ஆதலால், அங்குச் செல்லும் அன்பர்கள் சில நெறிகளைக் கைக்கொள்ள வேண்டுகிறேன். வண்டியை மெதுவாகச் செலுத்துங்கள், ஒலிப்பானை அழுத்தாதீர்கள். தொலைவில் நின்றே காணுங்கள். குட்டிக்கும் தாய்க்கும் இடையே ஒருபோதும் செல்லலாகாது. பின்புறமாக நெருங்குவதும் ஆகாது. குழந்தைகளின் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். பழத்தோலையும் நெகிழிப் பைகளையும் ஊருக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள்; உணவின் மணத்தால் விலங்குகள் பையையும் சேர்த்து விழுங்கிவிடும்.

அன்று மாலை வேதாரண்யத்தில் வேதாரண்யேசுவரரைத் தரிசித்தோம். அணையவிருந்த திருவிளக்கின் திரியை அறியாமல் தூண்டிய எலி, மறுபிறவியில் மாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்பது அத்தல வரலாறு. அறியாது செய்த நன்மைக்கே அத்துணைப் பயன் உண்டெனில், அறிந்தபின்னும் வாயில்லா ஜீவனுக்குத் தீங்கு செய்வதற்கு நாம் என்ன விடை கூறுவோம்? கையிலிருந்த எஞ்சிய பழங்களைக் கோயில் வாயிலில் அமர்ந்திருந்த முதியோருக்கு அளித்தான் பேரன்.