சீரியலுக்கு அடிமை என்று சொல்வதற்கு முன்

வேளாங்கண்ணியைச் சுற்றியுள்ள எங்கள் தெருக்களில் இரவு ஏழு மணிக்கு மேல் கூட்டம் போடுவது கஷ்டம். சீரியல் நேரம். பகல் முழுக்க விடுதிகளில் அறை பெருக்கி, கழிவறை கழுவி, படுக்கை விரிப்பு துவைத்துவிட்டு வந்த அம்மாக்கள் அப்போதுதான் காலை நீட்டி உட்காருகிறார்கள். ஜமீன் வீடு, பெரிய முற்றம், மூன்று தலைமுறைச் சண்டை, காணாமல்போன வாரிசு. ஒரு நாள் பார்க்காமல் விட்டால், மறுநாள் பக்கத்து வீட்டில் கதையைக் கேட்டுக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புகிறார்கள்.

நம் இளம் தோழர்களுக்கு இதில் கோபம். "சீரியலுக்கு அடிமையாயிட்டாங்க தோழர், இவங்ககிட்ட எப்படி அரசியல் பேசுறது?" என்கிறார்கள். அதே தோழர்களில் சிலர் கைப்பேசியில் விடிய விடிய 'டவுன்டன் அபே' பார்க்கிறவர்கள். அதுவும் ஒரு பெரிய வீட்டுக் கதைதான். இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் மாளிகை, மூன்று மகள்கள், சொத்து யாருக்குப் போகும் என்ற கவலை. அம்மா பார்த்தால் அடிமைத்தனம், பிள்ளை பார்த்தால் ரசனை! இந்தக் கணக்கை நாம் ஏற்க முடியாது.

அடிமை என்ற சொல்லையும் கொஞ்சம் நிதானித்தே பயன்படுத்த வேண்டும். காவிரிப் படுகையில் அந்தச் சொல்லுக்கு ஓலை இருந்தது, சாட்சி இருந்தது, விலை இருந்தது. 1843ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஓலையின் சட்ட பலத்தைப் பறித்த பிறகும் 'பண்ணையாள்' என்ற பெயரில் அது தொடர்ந்தது. அந்தப் பண்ணையாட்களின் பேத்திகள்தான் இன்று பண்ணையார் வீட்டுக் கதையைக் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்று கேட்காமல் திட்டுவது எளிது.

ஏன் இழுக்கிறது?

நாள்தோறும் அரை மணி நேரம், முடிவில் ஒரு முடிச்சு என்ற வணிகத் தந்திரம் எல்லா சீரியலிலும் உண்டு. பழைய காலத்துக் குடும்பக் கதை அதற்கு மேல் ஒன்றைத் தருகிறது: பரம்பரை. சுவரில் தாத்தாவின் படம், பாட்டியின் நகைப்பெட்டி, யார் யாருக்கு எப்போது என்ன துரோகம் செய்தார்கள் என்ற நினைவு. ஒரு குடும்பத்துக்கு நேற்று இருந்தது, ஆகவே நாளையும் இருக்கும் என்ற நம்பிக்கை.

நம் வீடுகளில் தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் பதில் வராது. "இன்ன பண்ணையில ஆளா இருந்தாரு" என்று பண்ணையாரின் பெயர்தான் வரும். நம் முன்னோரின் பெயர் கூலிக் கணக்கிலும் கடன் கணக்கிலும் மட்டும் எழுதப்பட்டது. பத்திரம் இல்லை, படம் இல்லை, கல்வெட்டு இல்லை. தனக்கென்று ஒரு பரம்பரைக் கதை வேண்டும் என்ற பசி நியாயமான பசி. அதற்கு நம் அம்மாக்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பசிக்குப் பரிமாறப்படும் சோறு யாருடையது என்பதுதான் நம் கேள்வி.

பத்தாயத்தில் நெல் எப்படி வந்தது?

தமிழ் சீரியலின் பெரிய வீட்டைக் கவனியுங்கள். திண்ணை, முற்றம், ஊஞ்சல், வெள்ளிக் கூஜா, நிறைந்த பத்தாயம். அந்தப் பத்தாயத்துக்குள் நெல் எப்படி வந்தது என்று கதை ஒருநாளும் சொல்வதில்லை. நாற்று பறித்த கை, நடவு நட்ட இடுப்பு, களத்தில் பொலி தூற்றிய தோள், எதுவும் திரையில் கிடையாது. விசுவாசமான வேலைக்காரர் ஒருவர் மட்டும் இருப்பார். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறார்களா, எந்தத் தெருவில் தூங்குகிறார், தெரியாது. எஜமானுக்காக அழுவார், அடி வாங்குவார், தேவைப்பட்டால் செத்தும் போவார். நடுக்கூடம் வரை தாராளமாக நடமாடுவார். தஞ்சை மிராசுதார் வீட்டின் நிஜம் அதுவல்ல. நம்மவர்கள் வீட்டுக்குள் அல்ல, தெருவுக்குள்ளேயே நுழைய முடியாது. கொல்லைப்புறத்தில் நின்றுதான் குரல் கொடுக்க வேண்டும்.

சீரியலில் ஒரு கல்யாணம் இருபது நாள் ஓடும். பண்ணையாள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு காட்சி எழுதிப் பாருங்கள். மாப்பிள்ளை பண்ணையாரிடம் போய்க் கைகட்டி நிற்பான். கல்யாணச் செலவுக்கு நெல்லும் பணமும் கடனாகக் கிடைக்கும். அந்தக் கடன் அடையாது. அவன் மட்டுமல்ல, வந்த பெண்ணும் பிறக்கப்போகும் பிள்ளையும் அந்தப் பண்ணைக்கு ஆளாவார்கள். ஒரு குடும்பம் தொடங்கும் நாளே அது கட்டுண்ட நாள். இதைவிடப் பெரிய குடும்ப நாடகம் எந்தச் சேனலில் இருக்கிறது?

"வெறும் பொழுதுபோக்குதானே" என்பவர்களுக்கு

ஒரு படிமம் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டால் அது நம்பிக்கையாகிறது. நம்பிக்கை எங்கே போய் நிற்கும் என்பதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். வேளாங்கண்ணிக்கு மேற்கே, நம் வட்டாரத்திலேயே கீழ்வெண்மணி இருக்கிறது.

1968 டிசம்பர் 25 இரவு. கூலியாகக் கொஞ்சம் நெல் உயர்த்திக் கேட்டதற்கும், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததற்கும் தண்டனையாக, ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றை ஒவ்வொரு மாணவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: ஏராளமான நிலம் உள்ள, கார் வைத்திருக்கிற பணக்காரர்கள், ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் அது பேசியது.

இந்த வாதத்தின் கீழே இருப்பது ஒரு கதாபாத்திரம். கௌரவமான பெரிய மனிதர், அவர் கை அழுக்காகாது. கோபம் வந்தாலும் உள்ளுக்குள் தங்க மனசு. அந்தக் கதாபாத்திரம் சினிமாவிலும் நாடகத்திலும் தொடர்கதையிலும் பல காலமாக வளர்ந்து நின்றதால்தான் அந்த வாதம் பலருக்கு இயல்பாகப் பட்டது. இன்றைய சீரியல் அதே மனிதருக்குப் புது வேட்டி கட்டிவிட்டு தினமும் இரவு நம் வீட்டுக்குள் அனுப்புகிறது. அதனால்தான் 'வெறும் பொழுதுபோக்கு' என்று இதை நாம் விட்டுவிட முடியாது.

மாற்றி எடுத்தால் யார் பார்ப்பார்கள்?

சேரிக் கதைக்கு ரேட்டிங் வராது என்பது சேனல்காரர்களின் நிரந்தரப் பதில். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

1971இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்' தொடரின் மூல யோசனை ஜீன் மார்ஷ், அய்லீன் அட்கின்ஸ் என்ற இரு நடிகைகளுடையது. பெற்றோர் வீட்டு வேலை செய்த குடும்பங்களில் பிறந்தவர்கள் அவர்கள். மாளிகைக் கதைகளில் வேலைக்காரர்கள் எங்கே என்று கேட்டார்கள், எழுதவைத்தார்கள். அதன்பின் வந்த 'டவுன்டன் அபே'யிலும் சமையல்கட்டுக்குக் காதல் உண்டு, பொறாமை உண்டு, சிறை உண்டு. அந்தத் தொடரும் பிரபுக்களைக் கொஞ்சத்தான் செய்கிறது. ஆனாலும் கீழ்த்தளத்தில் இருப்பவருக்குப் பெயரும் மனமும் கதையும் இருக்கின்றன. நம் சீரியல் அந்த இடத்துக்கே இன்னும் வரவில்லை.

அமெரிக்காவில் 1977 ஜனவரியில் ஏபிசி தொலைக்காட்சி 'ரூட்ஸ்' தொடரைத் தொடர்ந்து எட்டு இரவுகள் ஒளிபரப்பியது. ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட குண்டா கின்டே, அவன் மகள், பேரன் எனத் தலைமுறை தலைமுறையாகச் செல்லும் குடும்பக் கதை. அடுத்தடுத்த இரவுகளில் போட்டு முடித்ததற்கு, தோற்றுவிடுமோ என்ற பயமும் ஒரு காரணம் என்பார்கள். கடைசிப் பகுதியை ஏறத்தாழ 10 கோடிப் பேர் பார்த்தார்கள். அதைவிட முக்கியமானது அதன் பிறகு நடந்தது. ஏராளமான கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் முன்னோர் யார், எந்தப் பண்ணையில் இருந்தார்கள் என்று தேடக் கிளம்பின.

பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. டாக்டர் அம்பேத்கரின் வாழ்க்கையை இந்தியில் 2019 டிசம்பரில் தொடராக எடுத்தார்கள். 2020இல் 'மகாநாயகா' என்ற பெயரில் ஜீ கன்னடாவில் அது வந்தது. அடிப்படையில் அதுவும் ஒரு குடும்பக் கதைதான். ராணுவத்தில் சுபேதாராக இருந்த அப்பா ராம்ஜி, சின்ன வயதிலேயே இறந்துபோகும் அம்மா பீமாபாய், வளர்க்கும் அத்தை மீராபாய், தண்ணீர்ப் பானையைத் தொட முடியாத பள்ளிக்கூடம். அதை நிறுத்தச் சொல்லி மிரட்டல் வருவதாகச் சேனலின் பொறுப்பாளரே வெளிப்படையாகச் சொன்னார். கர்நாடகத்துக் கிராமங்களில் நம் மக்கள் என்ன செய்தார்கள்? ஊர் ஊராகத் தொடருக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். நடிகர்களுக்கு மட்டுமே பேனர் வைத்துப் பழகிய நாட்டில், ஒரு சீரியலுக்குச் சேரி மக்கள் பேனர் வைத்தார்கள். அவர்களை அடிமைகள் என்று யார் சொல்ல முடியும்? அவர்களும் தினசரி கதைக்காகக் காத்திருந்தவர்கள்தான். தங்கள் கதைக்காகக் காத்திருந்தார்கள்.

தமிழ்நாட்டின் கணக்கையும் பார்த்துக்கொள்வோம். ஜப்பார் படேல் இயக்கி மம்மூட்டி நடித்த அம்பேத்கர் படம் 2000இல் வந்தது. தமிழில் திரையரங்குக்கு வர 2010 டிசம்பர் ஆனது, அதுவும் நீதிமன்றப் படி ஏறிய பிறகு. 2006க்குப் பிறகு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி நம் குடிசைகளுக்கும் வந்தது. பெட்டி வந்துவிட்டது, பெட்டிக்குள் நாம் வரவில்லை. சினிமாவில் 'சார்பட்டா பரம்பரை'யும் 'தங்கலா'னும் கதவைத் திறந்திருக்கின்றன. அம்மாக்கள் தினமும் பார்க்கும் சீரியலில் அந்தக் கதவு இன்னும் மூடியே கிடக்கிறது.

நம் தொடருக்குக் கதை இருக்கிறதா?

கதைக்குப் பஞ்சமே இல்லை. நாகப்பட்டினம் துறைமுகத்தில் அண்ணன் கப்பலேறி மலேயா தோட்டத்துக்குப் போகிறான், தம்பி பண்ணையிலேயே தங்கிவிடுகிறான். வருடங்கள் கழித்து ராஜுலா கப்பலில் ஒரு பெட்டி மட்டும் வருகிறது. 1943இல் பி. சீனிவாச ராவ் என்ற கன்னடத்துக்காரர் சேரிக்குள் வந்து தங்குகிறார், நம்மோடு சாப்பிடுகிறார். களப்பால் குப்பு போன்றவர்கள் நம் தெருவிலிருந்தே எழுகிறார்கள். 1944இல் சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று பண்ணையார்கள் மன்னார்குடியில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1968இல் வெண்மணி. 2004இல் சுனாமி. இடையில் எத்தனை காதல், எத்தனை திருவிழா, மாதாவுக்கு நேர்ந்துகொண்டு நடந்துவந்த எத்தனை குடும்பம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நம் கதை என்றால் அழுகையும் ஊர்வலமும் மட்டும் என்று நினைத்தால் அம்மாக்கள் ரிமோட்டைக் கையில் எடுத்துவிடுவார்கள், சரியாகவும் செய்வார்கள். மாமியார் கிண்டல் வேண்டும், கள்ளுக்கடைப் பேச்சு வேண்டும், பங்காளிச் சண்டை வேண்டும். கூலி வாங்கிவந்த பெண்ணை அடித்த நம் வீட்டு ஆணும் அதில் வர வேண்டும். நம்மவர் எல்லோரும் தியாகிகள் என்று காட்டினால் அதுவும் அவர்களுடைய 'தங்க மனசு' பண்ணையார் போலப் பொய்யாகிவிடும்.

ஆகவே தோழர்களே, டிவியை அணைக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். விளம்பர இடைவேளையில் கேளுங்கள்: "இந்த வீட்டுக்கு நெல் அறுத்தது யாரு? உங்க பாட்டி எந்தப் பண்ணையில இருந்தாங்க? அவங்க பேரு என்ன?" கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பெயர், ஊர், பண்ணை, கல்யாணக் கடன், நடவுப்பாட்டு, சண்டை, சிரிப்பு எல்லாவற்றையும். காட்சித் தொடர்பியல் படிக்கிற தோழர்கள் அதைப் பத்துப் பத்து நிமிடக் கதையாக எடுங்கள். முதலில் யூடியூபில் போடுவோம், சேனல் பிறகு வரட்டும்.

அவசரமும் இருக்கிறது. பண்ணையாள் காலத்தை உடம்பால் அறிந்தவர்கள் இன்று எண்பதைத் தொட்டவர்கள். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் சிலர் குறைகிறார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று நாம் வெண்மணி நினைவிடத்தில் கூடுகிறோம். அன்றுதான் வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ் கூட்டம். விடுதி வேலைக்குப் போகும் நம் பெண்கள் பலருக்கு அன்றைக்கு விடுப்பு கிடைக்காது. அவர்கள் வர முடியாத அந்த இடத்துக்கு அவர்களுடைய கதையையாவது கொண்டுபோவோம். இந்த முறை வெண்மணிக்கு வருகிற ஒவ்வொருவரும் கொடியோடு சேர்த்து ஒரு பாட்டியின் பெயரையும், அவர் சொன்ன கதையையும் எழுதி எடுத்து வாருங்கள். அங்கே உரக்கப் படிப்போம். நம் தொடரின் முதல் பகுதி அதுதான்.