மூன்று கொட்டேஷன் கேட்காத வியாபாரம்

கால் உடைந்த நாற்காலியைக் கழித்துக் கட்டுவதற்குக்கூட அரசு அலுவலகத்தில் ஒரு முறை உண்டு. நாலு பேரிடம் விலை கேட்க வேண்டும். ஒப்பீட்டுப் பட்டியல் போட வேண்டும். ஏன் இன்னாருக்குக் கொடுக்கிறோம் என்று கோப்பில் காரணம் எழுத வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் குறிப்புகளை எழுதியே பென்ஷன் வாங்கியவன் நான். அதனால்தானோ என்னவோ, அமெரிக்காவின் டல்லாஸ் மாவரிக்ஸ் கூடைப்பந்து அணி 2025 பிப்ரவரியில் செய்த வியாபாரம் இன்னும் என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

எனக்கும் டல்லாஸுக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பிரெஞ்சில் படித்தவன், பிரெஞ்சுப் பத்திரிகை புரட்டும் பழக்கம் இன்னும் விடவில்லை. 2011-ல் டல்லாஸ் கோப்பை வென்றபோது அந்த அணியில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் ரூவான் நகரத்து இயன் மஹின்மி. இன்னொருவர் குவாதலூப் தீவின் ரோட்ரிக் போபுவா. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிப் போன கூலித் தொழிலாளர்களின் வாரிசுகள் இன்றும் வாழும் தீவு அது. அவர்களைப் பற்றிப் படிக்கப் போய், அணியின் மீதே பிடிப்பு வந்துவிட்டது. அணியின் தலைமகன் ஜெர்மானியரான டிர்க் நோவிட்ஸ்கி. 21 பருவங்கள் அந்த ஒரே அணிக்கு ஆடி ஓய்வு பெற்றவர்.

அவர் இடத்துக்கு வந்தவர்தான் ஸ்லோவேனியாவின் லூகா டான்சிச். 2018-ல் வந்தார். 2020 முதல் 2024 வரை ஐந்து ஆண்டுகளும் லீக்கின் மிகச் சிறந்த ஐவரில் ஒருவர். 2024-ல் அணியை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். எட்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை நள்ளிரவில், அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்போது வயது 25. பதிலுக்கு வந்தவர்கள் 31 வயது ஆண்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி என்ற இளைஞர். கூடவே 2029-ஆம் ஆண்டுக்கான ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமை. அதாவது அந்த ஆண்டு லீக்கில் புதிதாகச் சேரும் இளைஞர்களில் ஒருவரை லேக்கர்ஸின் முறை வரும்போது எடுத்துக்கொள்ளும் உரிமை.

டல்லாஸ் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பொது மேலாளர் நிக்கோ ஹாரிசன் சொன்ன காரணம், தற்காப்பு ஆட்டம்தான் கோப்பையை வெல்லும் என்பது. டேவிஸ் அதில் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. டான்சிச் உடம்பைப் பேணுவதில்லை என்ற குறை இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று ஆடுசதையில் காயம்பட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அடுத்துக் கொடுக்க வேண்டியிருந்த ஒப்பந்தமோ ஐந்தாண்டுக்குச் சுமார் 34.5 கோடி டாலர். பெரிய தொகை, யாரும் யோசிக்கத்தான் செய்வார்கள்.

விற்பது உரிமையாளர் இஷ்டம். என் சந்தேகம் விற்ற விதத்தில். வெளியே கசியக்கூடாது என்று லேக்கர்ஸின் ராப் பெலிங்காவிடம் மட்டுமே ஹாரிசன் பேரம் பேசினார் என்று செய்திகள் சொல்கின்றன. மற்ற அணிகளுக்கு விஷயமே தெரியாது. அப்படியானால் சந்தை விலை என்ன என்பது எப்படித் தெரியும்? ஒப்பீட்டுப் பட்டியலை நானே போட்டுப் பார்த்தேன். 2022-ல் பிரான்சின் ருடி கோபேர் 30 வயதில் மின்னசோட்டாவுக்குப் போனார். அவருக்காக யூட்டா அணி வாங்கியது ஐந்து ஆட்டக்காரர்கள், நான்கு முதல் சுற்றுத் தேர்வுரிமைகள். 2024-ல் மிக்கல் பிரிட்ஜஸுக்காக நியூயார்க் கொடுத்தது ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகள். பிரிட்ஜஸ் ஒரு முறைகூட ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானதில்லை. டான்சிச்சுக்கோ ஒன்றே ஒன்று! டேவிஸ் பெரிய ஆட்டக்காரர்தான் என்று ஒப்புக்கொண்டாலும் கணக்கு இடிக்கிறது. எங்கள் காலத்துத் தணிக்கைக்காரர் பார்த்திருந்தால் சிவப்பு மையிலேயே பக்கத்தை நிரப்பியிருப்பார்.

ரகசியம் காக்க வேண்டியிருந்தது என்கிறார்கள். விஷயம் வெளியே வந்திருந்தால் ரசிகர்கள் கொதித்திருப்பார்கள், ஆட்டக்காரரே குறுக்கே நின்றிருப்பார் என்பது வாதம். சரி, கேட்டால் எதிர்ப்பு வரும் என்று தெரிந்தே கேட்காமல் விட்ட காரியம் எப்படிப்பட்ட காரியம்? அந்த இடமாற்றத்தில் டான்சிச் இழந்ததையும் பாருங்கள். அந்த உச்ச ஒப்பந்தம் அவர் டல்லாஸில் இருந்தால்தான் கிடைக்கும். அணி மாறியதும் தகுதி போய்விட்டது. வேறு துறைக்குத் தூக்கியடித்துப் பணிமூப்பையும் பறித்த மாதிரி. ஆகஸ்டில் லேக்கர்ஸோடு மூன்றாண்டுக்கு 16.5 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். கோடிகள் புரளும் இடத்தில் இரக்கப்பட ஒன்றுமில்லை என்பீர்கள். ஆனால் ஏப்ரலில் டல்லாஸுக்கு எதிராளியாக வந்தவர், தனக்காகப் போட்ட காணொளியைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். பிறகு 45 புள்ளிகள் எடுத்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்த மாற்றல் உத்தரவைக் கையில் வாங்கியவர்களுக்கு அந்தக் கண்ணீர் புரியும்.

டேவிஸ் டல்லாஸுக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே 26 புள்ளிகள் எடுத்தார். அதே ஆட்டத்தில் காயப்பட்டு ஆறு வாரம் உட்கார்ந்தார். அணி பிளே ஆஃப் சுற்றுக்குள் நுழையவில்லை. அதன் பிறகு வந்தது அதிர்ஷ்டம். மே மாதக் குலுக்கலில் வெறும் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு முதலிடம் பெற்று, கூப்பர் ஃபிளாக் என்ற 18 வயதுப் பையனை எடுத்தார்கள். "பார்த்தீர்களா, எல்லாம் நன்மைக்கே" என்று சிலர் ஆரம்பித்துவிட்டார்கள். நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்றவனுக்கு மறுமாதம் லாட்டரி விழுந்தால், விற்ற விலை சரியான விலை ஆகிவிடுமா? லாட்டரி வேறு கணக்கு, நிலம் வேறு கணக்கு.

நவம்பரில் ஹாரிசனை வேலையிலிருந்து நீக்கினார்கள். மைதானத்தில் அவரை நீக்கச் சொல்லி மாதக்கணக்கில் கூவிய ரசிகர்கள் மனம் ஆறியிருக்கலாம். எனக்கு ஆறவில்லை. உரிமையாளர் தரப்பின் பேட்ரிக் டூமோன் சம்மதிக்காமல் இந்த வியாபாரம் நடந்திருக்காது. வேறு யாரிடமும் விலை கேட்டாயா என்று அவர் ஒரு வரி எழுதித் திருப்பியிருந்தால், அந்தக் கோப்பு அங்கேயே நின்றிருக்கும். குறிப்பு எழுதியவர் வீட்டுக்குப் போய்விட்டார். கையெழுத்துப் போட்டவர் நாற்காலியில்தான் இருக்கிறார்.